முனியம்மாளின் அடுப்பு மேடை ஊறிய கதை

பட்டினப்பாக்கம் முனியம்மாள் தாயின் வயிற்றில்கூட முழுசாகப் பத்து மாதம் இருந்தவள் இல்லை. எட்டாம் மாதத்தில், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே, ரிக்‌ஷாவில் பிறந்துவிட்டாள். நடக்கப் பழகுவதற்கு முன்னால் ஓடினாள். ஓடிய வேகத்தில் விழுந்து, முளைத்த மாதமே முன்பல் இரண்டை உடைத்துக்கொண்டாள். பஸ் நிற்கிற வரையில் அவள் உள்ளே உட்கார்ந்திருந்ததாகச் சரித்திரமே கிடையாது.

கோதண்டபாணி வீட்டார் அவளைப் பெண் பார்க்க வந்தபோது நடந்ததை இன்றைக்கும் சொந்தக்காரர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். வந்தவர்கள் காபியை ஆற்றிக்கொண்டிருந்தார்கள். பெண் உள்ளேயிருந்து தானாகவே வந்து நின்று, "இன்னா, புடிச்சிகீதா இல்லியா? சொல்ட்டீங்கன்னா நான் போயி அடுப்பப் பாப்பேன். கொழம்பு கொதிக்கிது" என்றாள். மாப்பிள்ளையின் வாயில் அப்போதுதான் ஒரு பஜ்ஜி போயிருந்தது. அவர் தலையை ஆட்டியது சம்மதம் சொல்லவா, பஜ்ஜியின் சூடு தாங்காமலா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. சம்மதம் என்றே எடுத்துக்கொண்டார்கள். கல்யாணத்தன்று மூன்றாவது முடிச்சுப் போட நாத்தனார் கொஞ்சம் தடவினாள் என்று, முனியம்மாள் பின்னால் கையைவிட்டுத் தானே இழுத்து முடிந்துகொண்டாள்.

கோதண்டபாணி இதற்கு நேர்மாறு. மீன்வலை கிழிசல் பார்த்துப் பின்னுகிறவர். ஒரு வாக்கியத்தைக் காலையில் ஆரம்பித்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடுவார். முப்பது வருஷமாக அந்த வீட்டில் இரண்டு பேர் பேச்சையும் ஒருத்தியே பேசிவந்தாள்.

லூப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில், தகரக் கூரைக்குக் கீழே நான்கு பெஞ்சு போட்டு, முனியம்மாள் மத்தியானம் மட்டும் மீன் சாப்பாடு போட்டுவந்தாள். கடைக்குப் பலகை கிடையாது. "முனிம்மா கடை" என்றால் சாந்தோமில் தெரியும், மயிலாப்பூரில் தெரியும். பேருக்குக் காரணம் விறகடுப்பில் கொதித்த குழம்பு. கடைக்குப் பின்னால் இருந்த சின்ன இடத்தில், மூன்று கால் வைத்த கனத்த இரும்பு அடுப்பு ஒன்றைச் செங்கல்மேல் நிறுத்தி, அதன்மேல் அண்டாவை ஏற்றியிருந்தாள்.

கடற்கரை மணலில் செங்கல் எத்தனை நாள் நேராக நிற்கும்? மாதத்துக்கு ஒரு விரல்கடை அடுப்பு கிழக்கே சாய்ந்துகொண்டு வந்தது. அண்டாவும் சாய்ந்தது. கடைசியில், கிழக்குப் பக்கம் கரண்டியை விட்டால் வெறும் குழம்பு, மேற்குப் பக்கம் விட்டால் வெறும் மீன் என்ற நிலைமை வந்தது. தெரிந்த வாடிக்கைக்காரர்கள் "எனக்கு மேற்கால அள்ளும்மா" என்று கேட்க ஆரம்பித்தார்கள். இனித் தாங்காது என்று முனியம்மாள் அதே சந்தில் குடியிருந்த கொத்தனார் டில்லிபாபுவைக் கூப்பிட்டாள்.

டில்லிபாபு இடத்தை அளந்தான்.

"யக்கா, அஞ்சடிக்கு நாலடி கான்கிரீட்டு மேடை. நாலு இஞ்ச் கனம். உள்ள கம்பி வலை வெச்சு கும்முனு போட்டுத் தரேன். ஆனா ஒண்ணு. இருபத்தெட்டு நாளு அதும் மேல நெருப்பு வெக்கக் கூடாது."

"எத்தினி?"

"இருபத்தெட்டு."

"இன்னாடா, அடுப்பு மேடை கேட்டா கோயிலுக்கு வெரதம் சொல்ற மாரி சொல்ற?"

"கான்கிரீட்டு செட்டாவணும்க்கா."

"புள்ள பெத்துட்டு நானே பதினாறாம் நாளு மீன் கூடைய தூக்கிக்கினு போனவ. உன் கான்கிரீட்டு இன்னா, என்ன வுட ஒடம்பு முடியாததா?"

டில்லிபாபு அளவு நாடாவைச் சுருட்டினான். முனியம்மாளிடம் வாதாடி ஜெயித்தவர் அந்தச் சந்தில் கிடையாது. பாதியில் பஸ் வந்துவிட்டது என்று தப்பித்தவர்கள் சிலர் உண்டு. டில்லிபாபு வந்தது நடந்து. ஆகையால் பேசாமல் வேலையைப் பார்த்தான்.

மார்கழி மாதம் ஒரு புதன்கிழமை மேடை போட்டு முடிந்தது. வியாழக்கிழமை முனியம்மாள் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். அழுந்தவில்லை. வெள்ளிக்கிழமை மேலே ஏறி நின்று இரண்டு குதி குதித்தாள். மேடை அசையவில்லை.

"கல்லு மாரி கீது. இதுக்குப் போயி இருபத்தெட்டு நாளா? இவுனுங்க வேல செய்யாத நாளுக்கெல்லாம் ஒரு சாக்கு" என்றாள்.

கோதண்டபாணி வலையிலிருந்து கண்ணை எடுத்து, "இல்லமே, அவன் இன்னா சொன்னான்னா..." என்று ஆரம்பித்தார். அந்த வாக்கியம் முடிவதற்குள் சனிக்கிழமை வந்துவிட்டது. அடுப்பும் மேடைக்குப் போய்விட்டது.

சனிக்கிழமை பத்து மணிக்குச் சவுக்குக் கட்டை சடசடவென்று பிடித்துக்கொண்டது. அண்டாவில் முப்பது துண்டு சங்கரா மீன். எல்லாப் பக்கமும் ஒரே மட்டமாக நின்ற குழம்பைப் பார்த்து முனியம்மாளுக்கு மனசு குளிர்ந்தது. பன்னிரண்டு மணிக்கு வழக்கம்போல மயிலாப்பூரிலிருந்து ஜவஹர் சார் சைக்கிளில் வந்தார். கட்டட வேலைகளில் ஓவர்சியராக இருந்து ஓய்வுபெற்றவர். முதல் இலை எப்போதும் அவருக்குத்தான். ஒரு வாய் போட்டுக்கொண்டார். கண்ணை மூடினார்.

படார்!

சந்து முழுக்கச் சிலிண்டர்தான் வெடித்துவிட்டது என்று வெளியே ஓடிவந்தது. எதிர்வீட்டு முத்தம்மா துவைத்துக்கொண்டிருந்த புடவையோடு ஓடிவந்தாள். புடவையின் மறுமுனை பம்பில் கட்டியிருந்ததால் பாதியில் நின்றாள். இரண்டாவது படார் கேட்டது. மேடையின் நடுவிலிருந்து சில்லு சில்லாகக் கான்கிரீட் பெயர்ந்து பறந்தது. அடுப்பின் ஒரு கால் பள்ளத்தில் இறங்க, அண்டா ஒருதரம் யோசித்தது, பிறகு நிதானமாகச் சாய்ந்தது. முப்பது துண்டு சங்கராவும் கடலைப் பார்க்கக் கிளம்பின. வழியிலேயே ஒன்பது பூனையும் அந்தத் திசையிலிருந்த காக்காய் அத்தனையும் அவற்றை எதிர்கொண்டன.

யாருக்கும் காயமில்லை. திராட்சைப் பழம் அளவு கான்கிரீட் துண்டு ஒன்று பறந்துவந்து ஜவஹர் சாரின் ரசத்தில் விழுந்திருந்தது. அவர் அதை வெளியே எடுத்தார், இரண்டு விரலுக்கு நடுவில் உடைத்துப் பார்த்தார், முகர்ந்தார்.

"உள்ள இன்னும் ஈரம் இருக்கும்மா. எத்தனை நாள் ஆச்சு?"

"மூணு நாளு சார்" என்றாள் முனியம்மாள். அவள் குரல் அத்தனை மெதுவாக வந்ததை அந்தச் சந்து முதல்தடவையாகக் கேட்டது.

"மூணு நாளா! உள்ள இருக்கற தண்ணி ஆவியாகி வெளிய வர வழி தேடும். வழி இல்லன்னா ஒடச்சுக்கிட்டுதான் வரும்."

"அப்ப நல்லா வெயில்ல காய வுட்டிருக்கணுமா சார்?"

"காயவே கூடாது. அங்கதான் எல்லாரும் தப்பு பண்றாங்க. சிமெண்ட்டு காஞ்சு கெட்டியாகறதில்ல, தண்ணியக் குடிச்சுக் கெட்டியாகுது. முதல் ரெண்டு வாரம் தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கணும். அப்புறம் ரெண்டு வாரம் அது பாட்டுக்கு விட்டுடணும். உன் மீன் குழம்பு இன்னைக்கு நல்லா இருக்குமா, நாளைக்கு நல்லா இருக்குமா?"

"நாளைக்குத்தான் சார். பழங்கொழம்பு ருசியே தனி."

"ஏன்?"

"ஊறும் சார். மீனு உள்ள புளி எறங்கும்."

"அதேதான். மேடையும் ஊறணும்."

இந்த ஒரு பேச்சு முனியம்மாளுக்குப் புரிந்தது. இருபத்தெட்டு நாள் என்று டில்லிபாபு சொன்னபோது அது அவளுக்கு யாரோ போட்ட சட்டம். ஊறணும் என்றால் அது சமையல். சமையலில் மட்டும்தான் அவள் எதற்காகவாவது காத்திருப்பாள், அதுவும் காலை ஆட்டிக்கொண்டு.

பொங்கல் முடிந்த மறுவாரம் டில்லிபாபு உடைந்த மேடையைப் பெயர்த்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று போட்டான். மறுநாள் மேடையின் விளிம்பைச் சுற்றிக் களிமண்ணால் வரப்புக் கட்டித் தண்ணீரைத் தேக்கினான். "யக்கா, சாமி சத்தியமா இருபத்தெட்டு நாளு" என்றான். முனியம்மாள் பத்துப் பேர் முன்னால் கடைக்குள் மாட்டியிருந்த தினசரி காலண்டரில் அடித்துச் சத்தியம் பண்ணினாள். அதுவரை கேஸ் அடுப்பிலேயே குழம்பு வைப்பதாக ஏற்பாடு.

முதல் தொந்தரவு நண்டு ரூபத்தில் வந்தது. நாலாம் நாள் எதிர்வீட்டு முத்தம்மா, தேங்கின தண்ணீரைப் பார்த்து, விற்காமல் மிஞ்சின அரைக்கூடை உயிர்நண்டை அதில் கொட்டிவிட்டாள்.

"சும்மா தானே கீது, ஒரு மணி நேரம் வெச்சுக்கறேன்" என்றாள்.

"அது சும்மா கீதுன்னு யாரு சொன்னது? அது வேல செஞ்சிக்கினு கீது!"

நண்டுகளுக்கும் சிமெண்ட்டுத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை. வரப்பைத் தாண்டி அவை பெஞ்சுகளுக்கு நடுவே புகுந்தன. அன்றைக்குச் சாப்பிட்டவர்கள் எல்லாரும் காலைத் தூக்கி மடித்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கோதண்டபாணியின் கால் கட்டைவிரலை ஒரு நண்டு பிடித்துக்கொண்டது. அவர் அதைக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தார்.

இரண்டாவது தொந்தரவு நிஷா. வீடு வீடாகப் போய்த் தேங்கின தண்ணீரில் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்க்கிற ஊழியர். கையில் டார்ச்சும் நீளக் கைப்பிடி வைத்த கரண்டியுமாக ஆறாம் நாள் வந்தாள். மேடையைப் பார்த்ததும் கையிலிருந்த நோட்டைத் திறந்துவிட்டாள்.

"இன்னாக்கா இது, வூட்டுக்குள்ள கொளம் வெட்டி வெச்சிகீறீங்க? தண்ணி தேங்கக் கூடாது. கொட்டுங்க."

"கொட்டினா கான்கிரீட்டு வெடிச்சிடும்."

"கொட்டலன்னா கொசு பொறக்கும்."

"இதுல எங்க கீது கொசு? காட்டு!"

நிஷா கரண்டியால் மொண்டு டார்ச் அடித்துப் பார்த்தாள். முனியம்மாள் அவள் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள். வரிசையில் நின்ற சாப்பாட்டுக்காரர்கள் மூன்று பேரும் எட்டிப் பார்த்தார்கள். கரண்டியில் ஒரு புழுவும் இல்லை. ஒரே ஒரு நண்டுக்கால் இருந்தது.

"இன்னிக்கு இல்ல. நாளைக்கு வரும்" என்றாள் நிஷா விட்டுக்கொடுக்காமல்.

இரண்டு பேரும் கத்திக்கொண்டிருக்கும்போதே, ஜவஹர் சார் மோர் சோற்றை முடித்துக்கொண்டு எழுந்து வந்தார். "வரப்ப எடுத்துடுங்க. சாக்கைத் தண்ணில நனைச்சுப் போர்த்துங்க. காலைல, மத்தியானம், சாயங்காலம் மூணு தடவை சாக்கு மேல தெளிங்க. தண்ணியும் தேங்காது, மேடையும் காயாது" என்றார். நிஷா நோட்டை மூடினாள். ஆனால் அந்த மேடை அவள் மனசில் ஒட்டிக்கொண்டுவிட்டது. அன்றிலிருந்து அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் சந்து முனையிலிருந்தே, "எத்தினாவது நாளுக்கா?" என்று கேட்டுக்கொண்டுதான் போவாள்.

அந்தக் கேள்விதான் முனியம்மாளுக்கு ஆகவில்லை. எட்டாவது நாள் என்று சொல்லி ஒரு யுகம் கழித்துப் பார்த்தால் ஒன்பதாவது நாளாகத்தான் இருந்தது. கேஸ் அடுப்புக் குழம்பை வாடிக்கைக்காரர்கள் முகம் சுளிக்காமல்தான் சாப்பிட்டார்கள். ஆனால் யாரும் கண்ணை மூடவில்லை. அது அவளை அரித்தது. காலையில் காலண்டர் தாளைக் கிழிக்கும்போது கை நிற்காமல் இன்னொரு தாளையும் சேர்த்துக் கிழித்தது. மறுநாளும் கிழித்தது. அதற்கு மறுநாளும்.

பதினோராம் நாள் பிற்பகல் ஒரு மணிக்குக் கடை நிரம்பி வழிந்தது. மந்தைவெளியில் பேங்க்கில் வேலை பார்க்கும் நிரஞ்சன், வறுத்த வஞ்சிரத்தைப் பிட்டு வாய்க்குக் கொண்டுபோனவன், காலண்டரைப் பார்த்து அப்படியே நிறுத்திவிட்டான்.

"அய்யய்யோ! இன்னைக்குத் தை கிருத்திகையா?"

கடையில் இருந்த பதினெட்டுத் தலையும் காலண்டர் பக்கம் திரும்பின. பெரிதாக வேலும் மயிலும் போட்டு, கீழே தை கிருத்திகை என்றே அச்சடித்திருந்தது. ஒருத்தர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஒருத்தர் வாயில் இருந்ததை என்ன செய்வதென்று தெரியாமல் கண் கலங்கினார். பாதிப் பேர் ரசம் மட்டும் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்து போனார்கள். முனியம்மாளே வாயில் கை வைத்துக்கொண்டு நின்றாள், கிருத்திகை எப்படி இத்தனை சீக்கிரம் வந்தது என்று.

எல்லாரும் போன பிறகு கோதண்டபாணி காலண்டர் முன்னால் வந்து நின்றார். நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

"முனி, இன்னிக்குச் செவ்வாக்கெழம."

"சரி."

"இதுல வெள்ளின்னு போட்டுகீது."

முனியம்மாள் அடுப்பைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டாள். கோதண்டபாணி குப்பைக் கூடையைக் கவிழ்த்து, கிழிந்த தாள் மூன்றைக் கண்டுபிடித்து, மடியில் வைத்து நீவி, சோற்றுப் பருக்கையால் ஒவ்வொன்றாகக் காலண்டரில் ஒட்டினார். கிழிந்த வலையைச் சேர்க்கிற அதே கவனம். சாயங்காலம் ஆகிவிட்டது.

மூன்று நாள் கழித்து நிஜக் கிருத்திகை வந்தது. மீன் வேண்டாம் என்று சிலர் வரவில்லை. நிரஞ்சன் மட்டும் வந்தான். "நான் செவ்வாக்கிழமையே இருந்துட்டேன். ஒரு வருஷத்துக்கு ரெண்டு கிருத்திகை என்னால முடியாது" என்று இரண்டு துண்டு வாங்கிச் சாப்பிட்டான்.

பதினாலாம் நாளோடு தண்ணீர் தெளிப்பது முடிந்தது. சாக்குகள் காய்ந்து மேடைமேலேயே கிடந்தன. வெயில் நேராக விழக் கூடாதென்று டில்லிபாபு அடுப்பு இடத்துக்கு ஒரு தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டுப் போனான். இனிச் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. காத்திருப்பதில் இதுதான் மோசம். தண்ணீர் தெளிக்கவாவது ஒரு வேலை இருந்தது. முனியம்மாள் ஒரு நாளைக்கு நாலு தரம் மேடையைச் சுற்றிவந்தாள். சாக்கைத் தூக்கிப் பார்த்து, "இன்னா, ஊறிட்டியா?" என்று அதனிடமே கேட்டாள்.

இருபத்தைந்தாம் நாள் காலையில் கேட்டபோது பதில் வந்தது. "ங்ங்ங்..." என்று.

அந்தச் சந்துக்குச் சொந்தமான செம்பழுப்பு நாய் ஒன்று உண்டு. மிரட்டலான முகம். அதனால் ரொம்ப நாளாக எல்லாரும் அதை டைகர் என்று கூப்பிட்டார்கள். "டைகர் வர்றான், டைகர் போறான்" என்றுதான் பேச்சு. யாரும் நெருங்கிப் பார்த்ததில்லை. அன்றைக்கு, தார்ப்பாய் நிழலில், காய்ந்த சாக்குமேல், மேடையின் சரியான நடுவில் டைகர் படுத்திருந்தான். பக்கத்தில் அவன் போட்ட ஐந்து குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருந்தன.

முனியம்மாள் குனிந்து இன்னொரு தரம் பார்த்தாள்.

"யோவ்! டைகரு பொம்பளய்யா!"

அரைமணி நேரத்தில் சந்தே கூடிவிட்டது. மூன்று நாளில் அடுப்புப் பற்றவைக்க வேண்டும், நாயை எப்படிக் கிளப்புவது என்பதுதான் கேள்வி. முத்தம்மா தண்ணீர் தெளிக்கச் சொன்னாள். நிரஞ்சன் சாப்பாட்டு நேரத்தில் வந்து, குட்டிகளை ஒரு பெட்டியில் போட்டு அப்படியே தூக்கிவிடலாம் என்றான். தூக்குவது யார் என்று கேட்டதும் ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்றான். டில்லிபாபு குட்டிகளை நோக்கி ஒரு அடி எடுத்து வைத்தான். டைகர் உதட்டைத் தூக்கிப் பல்லை மட்டும் காட்டியது. டில்லிபாபு அந்த அடியைத் திரும்ப எடுத்துக்கொண்டான்.

"யக்கா, மேடை என் வேல. நாயி என் வேல இல்ல."

முனியம்மாள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனாள். டைகர் அவளையும் பார்த்தது. கண் திறக்காத ஒரு குட்டி, சாக்கிலிருந்து உருண்டு, வெறும் கான்கிரீட்டில் மல்லாந்து விழுந்து கத்தியது. முனியம்மாள் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு, குட்டியைப் புறங்கையால் மெல்லத் தள்ளிச் சாக்கில் சேர்த்தாள். டைகர் கடிக்கவில்லை. அன்றைக்கு மீன் தலை வேகவைத்த சோறு ஒரு தட்டு மேடைக்குப் போயிற்று.

அப்போதுதான் கோதண்டபாணி, யாரும் கேட்காமலே, ஒரு முழு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொன்னார்.

"சாக்கோட சேத்து ஒரு நாளைக்கு ஒரு சாணு செவுத்துப் பக்கமா இழுத்தா அதுக்கே தெரியாது."

சுவர் ஓரத்தில், மேடைக்கு வெளியே, நிழலான இடம் ஒன்று இருந்தது. டைகர் குட்டிகளைவிட்டு நகரவே மூன்று நாள் ஆயிற்று. இருபத்தெட்டாம் நாள் அது தண்ணீர் குடிக்கப் போன சமயம் பார்த்து, கோதண்டபாணி சாக்கின் நுனியைப் பிடித்து ஒரு சாண் இழுத்தார். டைகர் திரும்பிவந்தது, மோந்து பார்த்தது, படுத்துக்கொண்டது. இருபத்தொன்பதாம் நாள் இன்னொரு சாண். முப்பதாம் நாள் இன்னொன்று. சந்தில் உள்ளவர்கள் காலையில் பால் வாங்கப் போகும்போதே எட்டிப் பார்த்து, "எவ்ளோ வந்துகீது?" என்று கேட்டுக்கொண்டு போனார்கள். நிஷாவும் கேள்வியை மாற்றிக்கொண்டாள். "எத்தினாவது சாணுக்கா?"

முப்பத்தொன்றாம் நாள் முனியம்மாளால் முடியவில்லை. கோதண்டபாணி டீ குடித்து முடிப்பதற்குள், டைகர் தெருமுனைக்குப் போன நேரம், சாக்கை இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பில் மூன்று சாண் இழுத்துவிட்டாள். குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து ஊளையிட்டன. டைகர் அம்பு மாதிரி வந்தது. சாக்கைப் பார்த்தது. முனியம்மாளைப் பார்த்தது. பிறகு ஒவ்வொரு குட்டியாகக் கழுத்தில் கவ்வி, மேடையின் சரியான நடுவில் கொண்டுபோய் வைத்தது. அதோடு சாக்கையும் பல்லால் கவ்வி அங்கேயே இழுத்துக்கொண்டு வந்தது.

கோதண்டபாணி டீ டம்ளரோடு வந்து நின்று பார்த்தார். எதுவும் சொல்லவில்லை. முப்பது வருஷத்தில் அவர் எதுவும் சொல்லாதது முதல்தடவையாக முனியம்மாளுக்குச் சத்தமாகக் கேட்டது.

"சரிய்யா. இனிமே நான் தொடல. நீயே இழு" என்றாள்.

முப்பத்திரண்டாம் நாள் மறுபடி முதல் சாணிலிருந்து ஆரம்பம். சாக்கை இழுக்கும் நேரத்தில் முனியம்மாள் கடைக்குள் போய், கையைப் புடவை முந்தானையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். முப்பத்தைந்தாம் நாள் குட்டிகள் கண்ணைத் திறந்தன. கண் திறந்ததும் அவை முதலில் பார்த்தது, தாயைவிட்டால், குப்புறப் படுத்து மேடை விளிம்பில் மோவாயை வைத்துக்கொண்டிருந்த முனியம்மாளின் முகத்தைத்தான். அன்றைக்கு அவள் எத்தனையாவது நாள் என்று யாருக்கும் சொல்லவில்லை. நிஷா கேட்டபோது, "இரு, மறந்துட்டேன்" என்றாள். நிஷா டார்ச்சை அடித்து அவள் முகத்தையே பார்த்தாள், உடம்பு சரியில்லையோ என்று.

முப்பத்தெட்டாம் நாள் சாக்கு, நாய், குட்டிகள் எல்லாம் மேடையைவிட்டு இறங்கிச் சுவர் ஓரம் போய்ச் சேர்ந்தன. டைகருக்கு இடம் மாறினதே தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் அது காட்டிக்கொள்ளவில்லை. புகை படாமல் இருக்கக் கோதண்டபாணி நடுவில் ஒரு தகரத்தை நிறுத்தினார்.

டில்லிபாபு வந்து மேடையைச் சுத்தியால் நாலு இடத்தில் தட்டிக் கேட்டான். கணீர் என்று சத்தம் வந்தது. "சூப்பருக்கா. ஆனா எடுத்தவுடனே அண்டா ஏத்தாத. மொத நாளு நாலு சுள்ளி, அர மணி நேரம். ரெண்டா நாளு கொஞ்சம் ஜாஸ்தி. மூணா நாளு உன் இஷ்டம்."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்து அவன் ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்துக்கொண்டுதான் சொன்னான். முனியம்மாள், "சரி" என்றாள்.

"இன்னாது?"

"சரின்னேன். காது கேக்கல?"

முப்பத்தொன்பதாம் நாள் நாலு சுள்ளியில் ஐந்து பேருக்கு டீ போட்டாள். ஐந்து பேரும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு மேடையிலிருந்து பத்தடி தள்ளி நின்றார்கள். வெடிக்கவில்லை. நாற்பதாம் நாள் டைகருக்குச் சோறு வடித்தாள். மேடை லேசாக வேர்த்து, பிறகு காய்ந்தது. நாற்பத்தொன்றாம் நாள் விடிந்ததும் பெரிய கட்டைகளை அடுக்கினாள். அண்டா ஏறியது. சங்கரா கிடைக்கவில்லை, கொடுவாதான் கிடைத்தது. பரவாயில்லை என்று புளியைத் தாராளமாகக் கரைத்தாள். கிழக்கேயிருந்து பார்த்தாலும் மேற்கேயிருந்து பார்த்தாலும் குழம்பு ஒரே மட்டமாகக் கொதித்தது.

பன்னிரண்டு மணிக்கு ஜவஹர் சார் வந்தார். முதல் வாய் போட்டுக்கொண்டார். கடையே அவர் முகத்தை எட்டிப் பார்த்தது. அவர் கண்ணை மூடினார். அவர் கண்ணைத் திறப்பதற்குள் மற்றவர்கள் பெஞ்சில் இடம் பிடித்துக்கொண்டார்கள். நிரஞ்சன் இரண்டு தரம் குழம்பு கேட்டான். முத்தம்மா தூக்குவாளி கொண்டுவந்தாள். ஒன்றே முக்காலுக்குக் கரண்டி அண்டாவின் அடியில் டங்கென்று இடித்தது.

இரண்டு மணிக்கு நிஷா வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தாள்.

"தீந்துருச்சா? இத்தினி நாளா சந்து மொனையில நின்னு கேட்டுக்கினு போனவ நான். எனக்கு ஒரு துண்டு எடுத்து வெக்கக் கூடாதாக்கா?"

முனியம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவளை இழுத்து உட்காரவைத்துவிட்டு, சூடு ஆறாத அண்டாவில் சோற்றைக் கொட்டி, ஒட்டியிருந்த மசாலாவையெல்லாம் வழித்துப் பிசைந்து, உருண்டை பிடித்து அவள் உள்ளங்கையில் வைத்தாள். ஒன்று, இரண்டு, ஐந்தாவது உருண்டையில்தான் நிஷாவின் முகம் தெளிந்தது. கையைக் கழுவினாள். டார்ச்சை எடுத்தாள். போகிற போக்கில் சுவர் ஓரம் குனிந்து, டைகருக்கு வைத்திருந்த தண்ணீர்ச் சட்டிக்குள் வெளிச்சம் அடித்தாள்.

"இந்தத் தண்ணி எத்தினி நாளா கீதுக்கா?"